சேர்வயரின் போத்தல்

நேற்று மகள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை மறந்துவிட்டேன். பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி. ஆறிப்போய், சாராயத்தின் நிறத்தில் கோப்பைக்குள் கிடந்தது. உங்களுக்கு அப்படித் தோன்றாது. மட்டக்களப்பு வாவிக்கரை ஹோட்டல் ஒன்றின் பாரில் நின்று வேலை செய்தவனுக்குத் தோன்றும்.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் கூச்சக்காரன். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் உள்ளங்கை நனைந்துவிடும். "வாயில்லாதவன்தான் பாருக்கு நல்லம்" என்று முதலாளி என்னை அங்கே நிறுத்தினார். கேட்டதை ஊற்றிக் கொடுப்பேன், கிளாஸ் துடைப்பேன். கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறினால் இரும்பு அதிரும் சத்தம் உள்ளே கேட்கும். அதுதான் எனக்குப் பேச்சுத்துணை.

வழக்கமாக வருகிறவர்களின் போத்தல்கள் பெயர் ஒட்டி என் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதில் ஒன்று சேர்வயருடையது. ஊர்க்காணியெல்லாம் அளந்து ஓய்வு பெற்ற மனிதர். ஒருநாள் பார் திறக்குமுன்பே தனியாக வந்தார்.

"மனே, ஈரல் பழுதாம். இனி ஒரு சொட்டும் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"அப்ப வீட்ட இரிங்களன், ஐயா."

"வீட்ட இருந்து செவரையா பார்க்கிற? இங்க வாற என்ட கூட்டாளிமாருக்குத் தெரிஞ்சா என்னைப் பார்த்துப் பாவப்படுவானுகள். அது மட்டும் எனக்கு ஏலா."

அன்றிலிருந்து அவருடைய போத்தலில் தேத்தண்ணிதான். பின்னேரம் காய்ச்சி, ஆறவைத்து, வடித்து நிரப்புவேன். மணத்துக்காகக் கிளாஸின் வெளிப்பக்கத்தில் ஒரு துளி சாராயம் தடவுவேன். அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பைப் பார்த்தால் நானே நம்பிவிடுவேன். அவருடைய கூட்டாளி தபால் மாஸ்டர் பெரிய பகிடிக்காரர்.

"என்னகா சேர்வயர், எவ்வளவு போட்டாலும் நேரா நடக்கிறாய். ரோட்டையும் அளந்து வெச்சிரிக்கிறாயோ?"

சிரிப்பில் மேசை ஆடும். சேர்வயர் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டு வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பாரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் இறந்தால், செய்தி வந்த அன்றே அவருடைய போத்தலில் மிச்சமிருப்பதைக் கூட்டாளிகள் குடித்து முடிக்க வேண்டும்.

ஒரு பின்னேரம் போத்தலை நிரப்பிவிட்டு அவரை எதிர்பார்த்து நின்றேன். தபால் மாஸ்டரும் மற்றவர்களும் வந்தார்கள். அவர் வரவில்லை.

"ராத்திரி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன, அங்கயே போயிற்றான், மனே" என்றார் தபால் மாஸ்டர்.

நான் அசையுமுன் தபால் மாஸ்டர் கையை நீட்டி அந்தப் போத்தலை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார். வேறு போத்தல் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாழாய்ப்போன நாக்கு எழவில்லை. அந்த மனிதர் இத்தனை நாள் காத்தது இப்போது உடையப்போகிறது.

தபால் மாஸ்டர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு, சேர்வயரைப் போலவே முகத்தைச் சுளித்தார்.

"அவன்ட சாமான் எப்பவும் காட்டம்தான் கா."

மற்றவர்களும் குடித்தார்கள். ஒவ்வொருவராக முகம் சுளித்தார்கள். கண்ணில் நீர் வந்ததற்கும் காட்டத்தையே காரணம் சொன்னார்கள். போத்தல் வெறுமையாகும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளி அந்தப் பாரின் கூரையைக் கொண்டுபோனது. ஹோட்டல் மறுபடி திறக்கவில்லை. தபால் மாஸ்டரும் போய்விட்டார். மற்றவர்களில் யார் எங்கே என்று தெரியாது.

நேற்று அந்தக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். முகம் தானாகவே சுளித்தது.

"ஆறின தேத்தண்ணிக்கு ஏனப்பா இந்தக் கோலம்?" என்றாள் மகள்.

"காட்டம்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடியவர்கள் ஒருவரும் இப்போது பக்கத்தில் இல்லை.