சித்தி மிதித்த ஓகன்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேருக்கு முன்னால் பேசவே கூச்சம். எட்மண்டனில் எங்கள் தெருமுனையில் இருந்த பழைய தியேட்டரைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் எங்கள் சித்தியைப் பற்றி எழுதப்போவதில்லை. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் பேசத் தொடங்குமுன் கட்டிய தியேட்டர் அது. அந்தக் காலத்தில் படத்துக்கு மழை, இடி, குதிரைக் குளம்புச் சத்தம் எல்லாம் அங்கிருந்த ஓகன் என்கிற ஆர்கன் வாத்தியம்தான். படம் பேச வந்த பிறகும் அதை விடவில்லை. இடைவேளையில் தரைக்கு அடியிலிருந்து வெளிச்சத்தோடு மெல்ல மேலே எழும்பி வரும். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாசிப்பார்.

சித்தி அங்கே துப்புரவு வேலை. ஆனால் மன்னாரில் மாதா கோயிலில் ஓகன் வாசித்தவர். சிறுமியான நான் இரண்டையும் கலந்து, சித்தி தியேட்டரில் ஓகன் வாசிக்கிறவ என்று மச்சாளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

"தும்புத்தடியாலயோ வாசிக்கிறவ?" என்று சித்தி கூட்டுகிற துடைப்பத்தைச் சொல்லி அவள் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை.

தியேட்டரை மூடுகிற கடைசி நாள், பிற்பகல் காட்சி இலவசம். அம்மாவும் மச்சாளும் நானும் முன்வரிசையில். கிழவருக்குக் காய்ச்சல், ஓகன் வெறுமனே மேலே வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மனேஜர். எங்கிருந்து துணிவு வந்ததோ, எழும்பி நின்று, "என் சித்தி வாசிப்பார்!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. சித்தி நீல மேலங்கியோடு கதவடியில் நின்றார். மனேஜர் கையைக் காட்டி அழைத்தார். சித்தி என்னிடம் வந்து, "உனக்கென்ன விசரோ, பிள்ளை?" என்றார். பிறகு, "இதைப் பிடி" என்று தும்புத்தடியைத் தந்துவிட்டு நடந்தார்.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அமர்ந்தார். எங்கள் கோயில் ஓகனுக்குக் காலால் மிதித்தால்தான் காற்று வரும். அந்தப் பழக்கத்தில் இரண்டு காலாலும் ஊன்றி மிதித்தார். இங்கே காலடியில் இருந்தவையும் சுரம் எழுப்புகிற கட்டைகள். கட்டிடமே ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம், கதிரைகள் அதிர்ந்தன. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சித்தி தியேட்டரை இடிக்கப் போறா," என்றாள் மச்சாள்.

நான் தும்புத்தடிக்குப் பின்னால் முகத்தை மறைத்தேன். சித்தி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கால்களை இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு, கையால் மட்டும் வாசித்தார். மெதுவான பாட்டு. சிரித்தவர்கள் அசையவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மனேஜர் கண்ணைத் துடைத்தார். மச்சாளுக்கு முன்னால் தும்புத்தடியைச் செங்கோல் போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் முதுகு நிமிரும்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சித்தியிடம் கேட்டார்: "ஏனடி, போயும் போயும் உந்தச் செத்தவீட்டுப் பாட்டையோ வாசிச்சனி?"

"இண்டைக்கு அதின்ர செத்தவீடுதானே, அக்கா."

யார் செத்தது என்று நான் கேட்டேன். இருவரும் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். எனக்கிருந்த சந்தோசத்தில் நானும் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த நாள் சித்தி வழக்கம்போல, மூடிய தியேட்டருக்கே ஷிப்டுக்குப் போய், கடைசிக் காட்சியின் சோளப்பொரியைக் கூட்டி அள்ளினார்.