எந்தத் தண்ணீருக்காக மிதித்தோம்

அந்தக் குப்பி கறுத்ததை முதலில் பார்த்தவள் நான்.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி இவைதான் என் வேலை. தண்ணீர் என் வேலை இல்லை. எங்கள் தெருவில் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். காலையில் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றை நடத்துகிறார். ஒரு நாள் அவர் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து நின்றார். பிளவக்கல் அணையைத் தாண்டி மலையடியில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே ஆட்களுக்கு வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருக்கிறதாம், பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவருடைய பழைய நண்பர் ஒருவருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு உண்டு. சேதி அவர் மூலம் வந்தது.

அதற்கென்று சின்னக் குப்பிகள் விற்கிறார்கள். தண்ணீரை ஊற்றி மூடி இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். இது மறுநாள் காலையிலேயே மை போலக் கறுத்திருந்தது. குடிக்க ஏற்றதல்ல என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பங்கு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். அந்த ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வைக்கப் பணம் திரட்டுகிறோம், ராஜபாளையத்திலிருந்து அந்த ஊர்வரை சைக்கிளில் போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்றார். நான் சைக்கிளைத் தொட்டு இருபத்தைந்து வருடம் இருக்கும். ஆனால் தண்ணீர் கெட்டது என்று சொன்னவள் நான். நீங்களே வராமல் இருந்தால் எப்படி என்று கேட்டார். சரி, வருகிறேன் என்றேன்.

வீட்டில் என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பணம் வேண்டும் என்றால் நேராகப் போய்க் கேட்கலாமே, நடுவில் சைக்கிள் எதற்கு? நானும் அதையே சுபேதாரிடம் கேட்டேன்.

"சும்மா கேட்டா யாரும் தரமாட்டாகம்மா. நம்ம வேர்த்து விறுவிறுத்துக் கேட்டாத்தான் தருவாக" என்றார்.

அது உண்மைதான் போலிருந்தது. லேபுக்கு வருகிறவர்கள், மில்லில் வேலை பார்க்கிற உறவுக்காரர்கள், தெருவில் இருப்பவர்கள், யாரிடம் சொன்னாலும் முதலில் என் முழங்காலைப் பற்றித்தான் விசாரித்தார்கள். பிறகு கொடுத்தார்கள். நான் வலியைத் தாங்கப் போகிறேன் என்பதற்காகக் கொடுக்கிறார்களா, அந்த ஊர்க்காரர்களுக்காகக் கொடுக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பஞ்சு மார்க்கெட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கிளம்பினோம். எனக்குக் கிடைத்தது கியர் வைத்த சைக்கிள். ஒரு மாதம் பழகியும் எந்தப் பக்கம் தள்ளினால் இலேசாகும், எந்தப் பக்கம் தள்ளினால் கனக்கும் என்று என் கைக்குப் பிடிபடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ குடிக்க நின்றபோது என் தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் போட்டிருந்த ஒரே நிறப் பனியன்களைப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சி என்று கடைக்காரர் கேட்டார். கட்சி இல்லை, தண்ணீருக்காக என்றேன். ஊரில் தண்ணீர் இல்லையா என்றார். இருக்கிறது, ஆனால் கெட்ட தண்ணீர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புரிந்து மறுத்தாரா, புரியாமல் மறுத்தாரா, தெரியவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பை நோக்கி மிதித்தோம். வழியில் ஒரு கண்மாய்க் கரையில் நான் கியரைத் தவறாகத் தள்ள, சங்கிலி கழன்றுவிட்டது. சுபேதார் இறங்கி மாட்டிக் கொடுத்தார். அவர் கையில் அப்பிய கிரீஸைப் புல்லில் துடைத்தார். அதற்குப் பிறகு நான் கியரைத் தொடவே இல்லை. எல்லா மேட்டையும் ஒரே கனத்தில் ஏறினேன்.

அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது பத்தரை மணி இருக்கும். எங்கள் பின்னால் வந்த வேனில் கேன் தண்ணீர் இருந்தது. ஆளுக்கு ஒரு பாட்டில் குடித்து முடித்த பிறகுதான், எங்களைச் சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. கூச்சமாக இருந்தது. அவர்களும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் எங்களுக்காகத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார்கள்.

நான் கறுத்த குப்பியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைக் காட்டி நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது ஏற்பாடு. வேப்பமரத்து நிழலில் நின்று, நீங்கள் குடிக்கிற தண்ணீர் இது, இதில் கிருமி இருக்கிறது என்று சொன்னேன். நூறு நாள் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற பெண் ஒருத்தி முன்னால் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க பிடிச்சதுக்கா?"

சுபேதார் தெருமுனையில் இருந்த பஞ்சாயத்து டேங்கைக் காட்டினார்.

"அது டேங்க் தண்ணில்லா. அதை யாரு குடிப்பா? மாடு குளிப்பாட்ட, பாத்திரம் கழுவத்தான். குடிக்கதுக்கு நாங்க ஊத்துக்குல்லா போவோம்" என்றாள்.

நான் சுபேதாரைப் பார்த்தேன். அவர் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது, எங்கே பிடித்த தண்ணீர் என்று நானும் கேட்கவில்லை. நோயாளியின் ரத்தத்தை எடுக்குமுன் பெயரைக் கேட்காமல் ஊசி குத்துகிறவள் இல்லை நான். தண்ணீருக்கு மட்டும் கேட்கத் தோன்றாமல் போய்விட்டது.

அந்தப் பெண் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினாள். இது ஊத்துத் தண்ணிதான், குடிங்க என்றாள். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி கை தயங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். வாங்கிக் குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு அவளோடு நானும் சுபேதாரும் மேலே நடந்தோம். வனத்துறை எல்லைக்குக் கொஞ்சம் கீழே, சுபேதாருடைய நண்பரின் தென்னந்தோப்போரமாகப் பாறை இடுக்கில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. பையில் மிச்சம் இருந்த புதுக் குப்பியில் அதைப் பிடித்தேன். இறங்கும்போது சுபேதார் சொன்னார்.

"நாந்தாம்மா பிடிச்சேன். குழாய் இருந்துச்சு, திறந்தேன், வந்துச்சு. யாருகிட்டயும் கேக்கணும்னு தோணல."

திரும்பி வரும் வழி எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரே கனத்தில் மிதித்தேன் என்பது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

இரண்டு நாள் குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறம் மாறவில்லை. மூன்றாம் நாளும் மாறவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது. ஒரு ஊர் நல்ல தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்து வருத்தப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது குழுவில் பாதிப் பேர், வயிற்றுப்போக்கு பொய்யா, மெஷின் வந்தால் கெட்டா போய்விடும் என்று கேட்டார்கள். சுபேதார் மட்டும், கொடுத்தவர்கள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். அவரும் நானும் சேர்ந்தே போனோம். பெரும்பாலானவர்கள் பரவாயில்லை, அந்த ஊருக்கே ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். ஒருவர் மட்டும், மெஷின் மேல் தன் அப்பா பெயர் எழுதிய தகடு வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட்டார். அவர் வீட்டு மோரைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஐப்பசி மழையில் அந்தப் பெண் போன் செய்தாள். ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது, இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது, அந்தக் குப்பியைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். இந்தத் தடவை பஸ்ஸில் போனேன். குப்பி கறுத்தது. வெயில் காலத்தில் நல்ல தண்ணீர், மழைக்குக் கெட்ட தண்ணீர். அப்படியானால் நான் முதலில் கொடுத்த தாள் சரியா, தப்பா? சுபேதாரிடம் கேட்டேன். எனக்கும் புரியலம்மா என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்த முறை அந்தப் பெண்ணிடமே கேட்டோம். மழையில் ஆடுமாடு மேய்கிற சரிவிலிருந்து வெள்ளம் இறங்கி ஊற்றில் கலக்கிறது, அதைத் தடுத்தால் போதும் என்றாள். மெஷின் வேண்டாமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். கரண்டு எம்புட்டு நேரம் நிக்கும்னு நினைக்கீக என்று திருப்பிக் கேட்டாள். தோப்புக்காரர் சம்மதத்தோடு, திரட்டிய பணத்தில் ஊற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டி, மேலே மூடி, ஊர்வரைக்கும் ஒரு குழாய் இறக்கினோம். டேங்கையும் கழுவி வெள்ளையடித்தார்கள்.

குழாய் திறந்த அன்று பெண்கள் எல்லோரும் குடித்துப் பார்த்தார்கள். சிமெண்டு வாசம் அடிக்கி என்று ஒரு வயதானவர் முகம் சுளித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். தொட்டி மூடி இருப்பதால் அதற்கும் மேலே, பாறைக்குப் பின்னால் வேறொரு கசிவைத் தேடிப் பிடித்திருந்தார். அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் போனார்கள்.

"ரெண்டு மாசம் போட்டும்க்கா, பொறவு வருவாக" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது பெரும்பாலானவர்கள் குழாயில்தான் பிடித்தார்கள். அந்த நான்கு வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் மேலேதான் போகிறார்கள். மேலே உள்ள கசிவிலும் ஒரு குப்பி பிடிக்க வேண்டும் என்றேன். அவர்கள், அது எதுக்குத் தாயி என்று சிரித்தார்கள். விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று தெரியவில்லை. கிளம்புமுன் குழாயில் கையேந்தி நானும் குடித்தேன். வாசம் அடிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். இன்னொரு கை பிடித்துக் குடித்துப் பார்த்தேன். அடிப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.