குதிக்கக் கூடாத நெருப்பு

ஃபிஜியில் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்ததில் எங்கள் வீட்டுக்கு ஒரு வீடியோ கேம் கிடைத்தது. இப்படிச் சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் நடந்தது அதுதான். சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றுபோனதும், நமாகாவில் ஓட்டல் வேலையில் இருந்த என் அண்ணனை, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். ஓடித் தாவி மேலே மேலே ஏறுகிற பழைய மாதிரி கேம்கள் என்றால் எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். அப்படி ஒன்றை நாமே செய்துவிடலாம் என்று வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

ஓட்டமும் தாவலும் அண்ணன் பொறுப்பு, படம் என் பொறுப்பு. பிக்சல் என்கிற சின்னச் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து உருவம் கொண்டுவர வேண்டும். கண்ணுக்கு ஒரே ஒரு புள்ளிதான் இடம். அதைக் கொஞ்சம் கீழே இறக்கினால் எங்கள் கேமின் நாயகனான கரும்புவெட்டி தூங்கி வழிந்தான். மேலே ஏற்றினால் திருதிருவென்று முழித்தான். முதன்முதலாக அவன் கால் மாற்றி நடந்தபோது நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "இதுக்கா இந்தக் கத்து கத்தின?" என்று தலையில் அடித்துக்கொண்டவள், "தொப்பிய இன்னும் பெருசா போடு, வெயில்ல கருகிடப்போறான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தொப்பியைப் பெரிதாக்கினேன்.

ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற ரயிலின் பெட்டிகள்மேல் அவன் தாவி ஏறினான். கீரி துரத்தியது, ஈரப்பலாக் காய் தலையில் விழுந்தது. பெரிய கம்பெனிகளின் பளபளப்பான கேம்களில் காடே இருக்கும், ஒரு மரமும் மனதில் நிற்காது. எங்களுடைய ஒரே ஈரப்பலா மரத்தில் ஒவ்வோர் இலையும் என் கையால் வைத்தது. அதில் எனக்கு இன்றும் திமிர் உண்டு.

பிறகு அண்ணனுக்கு ஆஸ்திரேலியா விசா வந்தது. எங்கள் தெருவில் ஏற்கெனவே பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கேமை முடிக்காமல் அவன் விமானம் ஏறிவிட்டால் அது அப்படியே கிடந்துவிடும், அதோடு நாங்களும் ஆளுக்கொரு பக்கம் ஆகிவிடுவோம் என்று பயந்தேன். ராப்பகலாக அதே நினைப்பு.

மிச்சம் இருந்தவை இரண்டு லெவல்கள். முதலாவது, மாரியம்மன் கோயில் தீமிதி; கடைசி, சவேனிக் கடற்கரை. நான் தீக்குழியை வரைந்து கொடுத்தேன். அண்ணனோ, நெருப்பில் கால் பட்டால் சாவு, தாவிக் கடந்தால் பிழைப்பு என்று அமைத்துவிட்டான். வீட்டில் நாங்கள் பேசுவது பெரும்பாலும் ஃபிஜி இந்திதான். ஆனால் சண்டை என்று வந்தால் எங்கிருந்தோ தமிழ் வந்துவிடும்.

"தீக்குழியப் பாத்து யாராச்சும் குதிப்பாங்களா? வருசா வருசம் நீ நடந்துதான போற?"

"அரே, இது கேம். கேம்ல நெருப்புன்னா சாவுதான். நான் போற எடத்துல யாருக்கு இது புரியும்? கேமே சரியில்லன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டும். உனக்குப் புரியுமில்ல?"

அவன் பெட்டி கட்டப் போய்விட்டான். அந்தக் கோபம் தீராமலே அவனை விமான நிலையத்தில் வழியனுப்பினேன்.

வீம்புக்கென்றே அவன் எழுதி வைத்திருந்த புரோகிராமைத் திறந்து படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. மாற்றினால் கரும்புவெட்டி வானத்தில் பறந்தான், ரயிலுக்குள் புதைந்தான். விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் எல்லாம் கூடி வந்தது. குதித்தால் ஆள் கருகிப்போவான். குதிக்காமல் நடந்தால், அவன் பாதம் படுகிற இடத்தில் தணல் அடங்கிச் சாமந்தி நிறமாகும். குழி முடிகிற இடத்தில் கோயிலில் இருக்கிற மாதிரியே பால்குழியும் வைத்தேன். தனியாக எழுந்து ஆடினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த லெவலை மட்டும் அண்ணனுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். பேசிக்கொண்டே விளையாட ஆரம்பித்தான். கேமிலிருந்து மேளச் சத்தம் கேட்டது, தீக்குழி வந்துவிட்டது என்று தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நொடி ஆள் கருகுகிற சத்தம்.

"குதிச்சிட்டேன்" என்றான். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "நானே குதிச்சிட்டேன், தங்கச்சி."

"பரவால்ல. இப்ப நட" என்றேன்.

மறுபடியும் மேளம் கேட்டது. திடீரென்று, "வந்துட்டேன்! பால்ல கால் வச்சிட்டேன்!" என்று கத்தினான். நானும் கத்தினேன். அம்மா மறுபடியும் அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

"கடைசி லெவல் எப்ப அனுப்புவ?" என்று கேட்டான் அண்ணன்.

அது முடிந்து தயாராக இருந்தது. கடற்கரை, அலை, மணல், எல்லாம் நானே செய்திருந்தேன். அனுப்பிவிட்டால் கேம் முடிந்துவிடும். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அதை அழித்தேன்.

"அலைய எப்படி வர வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல, அண்ணா" என்றேன். "நீதான் செஞ்சு அனுப்பணும்."