தங்க மருந்தும் ஞானதுரை அண்ணாச்சியும்

போன செவ்வாய்க்கிழமை காலை பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. "வேதியியல் துறை ஞானதுரை அவர்கள் இன்று காலை மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவில் யாரோ கேட்டிருந்தார்: "யாரு, தங்க மருந்து சாரா?" பொறுக்கிய காயைத் திரும்பக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று அவரிடம் படித்தவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் தெரிந்துதான் வைத்திருக்கிறீர்கள். தெரிந்து வைத்திருப்பதில் பாதி பொய். அந்தப் பொய் நிலைத்ததற்கு நான் காரணம். இதை எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்து போய்விட்டேன். இப்போதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நான் இயற்பியல் துறை. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணாச்சி. ஒருநாள் மத்தியானம் கையில் ஒரு கண்ணாடிக் குடுவையோடு என் அறைக்கு வந்தார். உள்ளே நாவல்பழச் சாறு மாதிரி ஏதோ இருந்தது.

"இது என்னன்னு சொல்லும் பாப்போம்."

"உங்க கோயில்ல குடுப்பாவளே, திராட்சரசமா அண்ணாச்சி?"

"தங்கம்வே" என்றார். "இத்தனூண்டு பொடியாக்குனா தங்கம் தங்க நிறத்துல இருக்காது."

பிறகு கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிவப்பொளி உடம்பின் தோலைத் தாண்டி ஓரளவு உள்ளே போகும். இந்தத் தங்கத் துகள்கள் அந்த ஒளியை விழுங்கிச் சூடாகும். துகள்களைப் புற்றுநோய்க் கட்டிக்குள் சேர்த்துவிட்டு வெளியிலிருந்து ஒளியைக் காட்டினால் கட்டி மட்டும் வெந்து போகும், சுற்றியுள்ள சதை தப்பிக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "காய்ச்சல் அடிச்சா ஆளு சுருண்டு படுக்கான்லா? அந்தக் கட்டிக்கு மட்டும் காய்ச்சல் வர வைக்கணும், அம்புட்டுதான்" என்றார். பல பக்கக் கட்டுரைகள் சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் எனக்குச் சொன்னது.

துகள் செய்வது அவர் வேலை. லேசரும் வெப்பமானியும் என் வேலை. அவர் ஆய்வகத்தில் குடுவைகளை வேறு யாரும் கழுவக்கூடாது. இராஜ திராவகம் என்கிற கடும் அமிலத்தில் ஊறவைத்து, வாலை வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, தானேதான் கவிழ்த்து வைப்பார். கண்ணாடியில் தூசி ஒட்டியிருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். "கழுவத் தெரியாதவன் தங்கத்தைத் தொடப்பிடாது" என்பார். பேராசிரியர் குடுவை கழுவுகிறாரே என்று நாங்கள் கேலி செய்தோம். வெப்பமானி வைக்கிற விஷயத்தில் அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

சோதனை எளிதானது. வெறும் தண்ணீரில் ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்க வேண்டும். தங்கக் கரைசலிலும் அப்படியே. தண்ணீரில் சூடு ஏறவே இல்லை என்று சொல்லலாம். தங்கத்தில் குபுகுபுவென்று ஏறியது. அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள்மேலும் செய்து பார்த்தோம், செல்கள் செத்தன. கட்டுரை எழுதினோம், வெளிவந்தது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. தெரிந்த நிருபர் ஒருவரிடம் டவுணில் டீ குடித்துக்கொண்டே பெருமையடித்தேன். இரண்டு நாளில் மாலைப் பத்திரிகை ஒன்றில் வந்தது: 'புற்றுநோய்க்குத் தங்க மருந்து! பாளை பேராசிரியர் கண்டுபிடிப்பு.' அண்ணாச்சி பேப்பரை என் மேஜைமேல் வைத்தார். "தட்டுல வளத்த செல்லைத்தான்வே கொன்னுருக்கோம். இன்னும் எலிகிட்டகூடப் போகல" என்றார். கோபப்படவில்லை. பயந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கூடங்குளத்துக்கு அடுத்த கடலோரக் கிராமம். அவர் மீன்பிடிக்கிறவர், பெயர் அந்தோணி, நாக்கில் புற்று. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஜெசிந்தாதான் பேசினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கம்மலும் மெல்லிய சங்கிலியும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"தங்கத்துலதான் மருந்து செய்யுதியளாமே சார். எங்க தங்கத்தையே உருக்கி இவுகளுக்குச் செஞ்சு குடுங்க. பத்தலன்னா சொல்லுங்க, கொண்டாரேன்."

அண்ணாச்சி நகையைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரில என்ன செய்யுதாவ?" என்று கேட்டார்.

"கரண்டு வச்சாவ சார். பாதிலயே நிப்பாட்டிட்டோம். பேப்பர்ல உங்க மருந்து போட்டிருந்துச்சுல்லா, அப்புறம் எதுக்கு வாயைப் புண்ணாக்கணும்னுட்டு."

கரண்டு வைப்பது என்று அவள் சொன்னது கதிர்வீச்சுச் சிகிச்சையை. மூன்று வாரமாக அதற்குப் போகவில்லை. அதாவது, நான் டீக்கடையில் பேசியது பேப்பரில் வந்த நாளிலிருந்து. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணாச்சி நகையை அள்ளி அவள் கையில் வைத்து மூடினார். "எங்ககிட்ட மருந்து இல்லம்மா. பேப்பர்ல போட்டது தப்பு. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். வகுப்பை விட்டுவிட்டு அப்போதே அவர்களோடு டவுண் பஸ் ஏறினார். நான் போகவில்லை. எனக்கு வகுப்பு இருக்கிறது என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் சோதனை முழுவதையும் முதலிலிருந்து செய்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். தங்கக் கரைசலில் வெப்பமானியின் முனையைக் கொஞ்சம் ஒதுக்கினார். எண் சரசரவென்று இறங்கியது. தண்ணீரில் முனை தெரியும் என்பதால் ஒளிபடாமல் ஓரமாக வைத்திருக்கிறேன். தங்கக் கரைசலின் கருஞ்சிவப்பில் முனை தெரியவில்லை. ஒளியும் கண்ணுக்குத் தெரியாதது. ஒளி விழுகிற இடத்திலேயே செருகியிருக்கிறேன். நாங்கள் அளந்ததில் பெரும்பங்கு வெப்பமானியே அந்த ஒளியில் வெயில் காய்ந்த சூடு. தங்கம் சூடாகத்தான் செய்தது, நாங்கள் எழுதிய அளவுக்கு இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். 'அளவீட்டில் என்னால் நேர்ந்த பிழை' என்று இருந்தது. அந்த மாலைப் பத்திரிகைக்கும் அப்படியே எழுதினார், அவர்கள் போடவில்லை. "அண்ணாச்சி, வச்சது நாந்தானே" என்றேன். "யாரு வச்சா என்னவே? முதல் பேரு எம்பேரு. பாக்காம விட்டது நாந்தான்" என்றார். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவருக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் இரண்டு தடவை சிரித்திருக்கிறேன்.

சிகிச்சை முடிகிறவரை தினமும் அவர் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்காகக் காத்திருந்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் அந்தோணி இறந்துபோனார். நடுவில் நின்ற மூன்று வாரத்தால் போனாரா, நிற்காமல் இருந்தாலும் போயிருப்பாரா? டாக்டரிடம் கேட்டதாக அண்ணாச்சி சொன்னார். "சொல்ல முடியாதுன்னுட்டாருவே" என்றார். அந்தப் பதிலோடுதான் இத்தனை வருஷம் தூங்கி எழுந்திருக்கிறேன். அவரோ துகள் செய்வதை விடவில்லை. "இது ஒருநாள் பலிக்கும்வே, நம்ம பீத்துனதுக்காக இல்ல. எவனாவது ஒழுங்கா அளப்பான்" என்று சொல்லிக்கொண்டே ஓய்வு பெறுகிற அன்றும் குடுவை கழுவினார்.

அடக்கத்துக்குக் கூட்டம் அதிகமில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நரைத்த தலையோடு ஒரு பெண் நின்றாள். ஜெசிந்தா. கடலோரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரரு நினைவு நாளுக்கு சார் எங்க ஊருக்கு வந்துருவாவ. இனி யாரு வருவா" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஏம்மா, அன்னைக்கு மெஷின்ல தப்பு பண்ணுனது ஞானதுரை சார் இல்ல. பேப்பர்காரன்கிட்ட சொன்னதும் அவரு இல்ல. ரெண்டும் நாந்தான்" என்றேன். அவள் என்னைத் திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

"தெரியும் சார்" என்றாள்.

"அவரு சொன்னாரா?"

"அவுக ஒண்ணும் சொல்லல. நீங்க ஒருநாளும் வரல. அதுலயே தெரிஞ்சிட்டு."

ஞானதுரை அண்ணாச்சியைத் தெரிந்தவர்களே, இனி அந்தப் பட்டப்பெயரைச் சொல்வதானால் என்னைச் சொல்லுங்கள். அவருடைய குடுவைகளை அவர் மகள் எனக்குத் தருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு தேதியை. அந்தோணியின் நினைவு நாள் என்றைக்கு என்று அந்த வாசலிலேயே கேட்டேன். ஜெசிந்தா தேதியைச் சொன்னாள். எந்தப் பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றும் சொன்னாள். வா என்று சொல்லவில்லை.