சங்கு எந்தப் பக்கம்

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கையில் காப்பியோடு, ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து வந்திருந்த நன்றிக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவரை நான் பார்த்ததில்லை. வீட்டில் சின்னத் தறி வைத்திருக்கும் ஓய்வு பெற்ற மனிதர் என்பது மட்டும் தெரியும். "உங்கள் நிரலில் படம் இடம் வலம் மாறி வந்துகொண்டிருந்தது. என் திருத்தத்தை நேற்றே சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. பேத்திக்கு நெய்யும் துண்டில் வாத்து இப்போது சரியான பக்கம் பார்க்கிறது" என்று எழுதியிருந்தார்.

முதலில் சிரித்தேன். இரண்டாவது முறை படித்தபோது 'இடம் வலம்' என்ற சொற்களிலேயே கண் நின்றுவிட்டது.

சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மிச்ச நேரத்தில் தறிகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. புடவையின் படத்தைக் கொடுத்தால், எந்த வரியில் எந்த இழை தூக்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். இழையைத் தூக்கும் பெட்டியையும் நானே செய்தேன். சின்ன காஞ்சிபுரத்து மாடி வீட்டில், துணி காயவேண்டிய இடத்தில் என் சால்டரிங் மேசை இருக்கிறது. மனைவி அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். காலில் ஒரு தடவை ஈயத்துளி ஒட்டியது போதும் என்கிறாள்.

முதல் பெட்டியைப் பக்கத்து ஐயம்பேட்டையில் ஓர் அக்காவின் தறியில் மாட்டினேன். உறவில்லை, பழக்கத்தில் அக்கா. அதுவரை ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத்தான் நெய்துகொண்டிருந்தார். பெட்டி வந்த பிறகு அட்டைகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். சின்னச் சின்னக் கோளாறுக்கெல்லாம் போன் செய்வார். நான் சிடுசிடுப்பேன். ஒவ்வொரு தடவையும் ஐயம்பேட்டைக்கு ஓடுவதற்குச் சோம்பல் பட்டுக்கொண்டு ஒரு வழி செய்தேன். அவர் மகளின் படிப்புக்காக வீட்டில் நெட் இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டதும் பெட்டி தானாகவே புது நிரலை இறக்கிக்கொள்ளும்படி வைத்தேன். என் போன் என்னைக் கேட்காமல் தன்னை மாற்றிக்கொண்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறவன் நான். அவர் தறிக்கு மட்டும் அது வசதி என்று தோன்றியது.

அந்தத் தறியில் அப்போது இருந்தது எங்கள் தெரு மாமி ஒருவரின் வேண்டுதல் புடவை. வெள்ளிக்கிழமை காலை பெருமாள் கோயில் தாயாருக்குச் சாத்த வேண்டும். முந்தியில் சங்கும் சக்கரமும் பெரிதாக வர வேண்டும் என்று மாமி கேட்டார். படம் வரைந்தவன் நான், அக்காவிடம் வேலையைப் பிடித்துக் கொடுத்தவனும் நான். புடவையின் உடல் முழுக்க நெய்தாகிவிட்டது. புதன் காலை முந்தி ஆரம்பிக்கப் போவதாக முந்தின நாள் அக்கா சொல்லியிருந்தார்.

காப்பியை வைத்துவிட்டு நிரலைத் திறந்தேன். குளிர் தேசத்துக்காரர் நீக்கச் சொன்னது இரண்டே வரி. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடும் வரிகள். ஏதோ பழைய காலத்து அவசர வேலை என்று நினைத்து, முந்தின நாள் சோதனையை ஓட்டினேன், எல்லாம் சரி என்று பச்சை காட்டியது, சேர்த்துவிட்டேன். சோதனைக்கு நான் வைத்திருந்த படம் எதிரெதிரே நிற்கும் ஒரு ஜோடி மயில். திருப்பிப் போட்டாலும் அது அதேதான்.

அந்த இரண்டு வரியை எந்த முட்டாள், எதற்காக எழுதினான் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது. ஏன் எழுதினேன் என்ற குறிப்பு இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நம் ஊர்த் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும், நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வந்துதான் திருப்பிப் போட்டேன். குளிர் தேசத்துத் தறியில் நல்ல பக்கம் மேலே. அவருக்கு வாத்து சரியானால், எங்களுக்குச் சங்கு பெருமாளின் வலது கைக்குப் போகும், சக்கரம் இடது கைக்கு. இந்த ஊரில் நடக்கிற குழந்தைகூட அதைக் கண்டுபிடித்துவிடும்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் உள்ளறைப் போன் கேட்காது. மறுபடி அடித்தேன். மகள் கல்லூரிக்குப் போயிருப்பாள். திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிட்டு நிரலைப் பழையபடி ஆக்கினேன். என்ன பிரயோஜனம்? சுவிட்ச் போடும்போது மட்டும்தான் பெட்டி என்னைக் கேட்கும். நடுவில் கரண்ட் போய் வந்தால் உண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டியை மனைவி பள்ளிக்கு எடுத்துப் போயிருந்தாள். படியிறங்கி ஓடினால் வாசலில் மாமி.

"வெள்ளிக்கிழமை காலம்பற சாத்தணும், தெரியுமோல்லியோ? தறியிலேருந்து எப்போ இறங்கறது?"

"நாளைக்குச் சாயங்காலம் மாமி" என்றேன். முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் இருந்தார்கள். "இன்னும் மூணு பேர் வரணும்பா, குந்து" என்றார் ஓட்டுநர். "அண்ணே, அவசரம்." "எல்லாருக்கும் அவசரந்தான்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை என்னவோ சொல்லியிருப்பேன், ஆனால் இறங்கி நடக்கச் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். உட்கார்ந்தபடி கணக்குப் போட்டேன். ஆறரைக்கு உட்கார்ந்திருந்தால் இவ்வளவு நேரத்துக்கு அக்கா மூன்று விரல் அகலம் நெய்திருப்பார். ஏழு மணி என்றால் இரண்டு. ஜரிகை அதிகமான முந்தி, மெதுவாகத்தான் ஏறும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பை ஏற, ஒரு ஆள் இறங்க, நான் மனசுக்குள் ஒரு விரல் கூட்டிக்கொண்டே போனேன்.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. ஓடினேன். "அக்கா, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே நுழைந்தேன். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாபா ஆச்சு? யாருக்குனா உடம்பு சரியில்லியா?"

தறியில் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை ஏறியிருந்தது. இடப்பக்கம் சக்கரத்தின் கீழ் வளைவு, வலப்பக்கம் சங்கின் முனை. சுவரில் ஒட்டியிருந்த என் படத்தில் இருப்பதைப் போலவே. வேறு யார் பார்த்திருந்தாலும் அழகாக வந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மேலே அப்படித் தெரிந்தால் கீழே, தாயார் மேல் கிடக்கப் போகிற பக்கத்தில், மாறித்தான் இருக்கும்.

சொன்னேன். யாரோ ஒருத்தர் கேட்டார், நான் யோசிக்காமல் மாற்றினேன், அது உங்கள் தறிக்குள் தானாக வந்துவிட்டது. அக்கா குனிந்து துணியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"பிரிச்சுதான் ஆவணும். பாவு அறுந்துச்சின்னா ஒண்ணொண்ணா முடிபோடணும். கை கழுவிக்கினு வா" என்றார்.

நெய்வதைவிடப் பிரிப்பது கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. குறுக்கே நெருக்கி அடித்த ஊடை இழையை நடுவில் சின்னக் கத்தரியால் வெட்டி, இருபுறமும் ஒவ்வொரு இழையாக இழுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் நீளவாக்கில் ஓடும் பாவு இழை கூடவே வரும். என் பக்கம் மூன்று அறுந்தது. சால்டரிங்கில் என் கை நடுங்காது என்று பெருமை பேசுகிறவன். அவர் என் பக்கம் சாய்ந்து முடிச்சுப் போட்டுவிட்டு, திரும்பத் தன் பக்கம் போனார். வெட்டிய ஜரிகை மடியில் சேர்ந்துகொண்டே போனது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

பெட்டியை அணைத்துப் போட்டேன், பழைய நிரல் வந்தது. நெட்டிலிருந்து தானாக இறக்கும் ஏற்பாட்டை அங்கேயே உட்கார்ந்து அடியோடு எடுத்துவிட்டேன். முதல் விரல் நெய்ததும் குனிந்து பார்த்தேன். மேலே சங்கு இடப்பக்கம். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

புடவை வியாழன் மாலை தறியைவிட்டு இறங்கியது. வெள்ளிக்கிழமை தாயாருக்குச் சாத்தினார்கள். மாமி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார், பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். நான் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். எனக்கு அழுகையாக வந்தது. அது பக்தியில் வந்த அழுகை இல்லை. புதன் சாயங்காலம் ஐயம்பேட்டையிலிருந்து கிளம்பும்போது அக்காவிடம் பேசியதால் வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் வராமப் போயிருந்தா முழு முந்தியும் போயிருக்கும்க்கா. உங்களுக்கு வித்தியாசம் தெரியலியா?" என்று கேட்டேன். கொஞ்சம் கெத்தாகத்தான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

"ஏன் தெரியாது? மொத விரல்லியே தெரிஞ்சிச்சி" என்றார். "எனக்கு எப்பவும் படத்துக்கு எதிர்ப்பக்கமாத்தான் வரும். இன்னிக்கி படம் மாதிரியே வந்துக்கினு இருந்துச்சி. கண்ணாலயே பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏங்க்கா நிறுத்தல?"

"போன மாசம் ஒரு பூ கோணலா வருதுன்னு நடுவுல நிறுத்திட்டு உனக்கு போன் பண்ணேன் இல்ல? பொட்டி தப்பு பண்ணாது, நீங்க நடுவுல நிறுத்தாதீங்கன்னு கத்தின. சரி, நீ படிச்சவன், வேற எதுனா கணக்கு வச்சிருப்ப, எனக்குத்தான் இத்தினி வருசமா தப்பாத் தெரியுது போலன்னு நெனச்சிக்கினேன்."

அந்தப் போனை நான் அன்றைக்கே மறந்துபோயிருந்தேன். அவர் மறக்கவில்லை, அதற்குக் கீழ்ப்படிந்திருந்தார்.

வாசல்வரை வந்து நின்றார். கையில் இன்னும் ஜரிகைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இனிமே எதுனா இப்பிடி தப்பாத் தெரிஞ்சா, நான் தறிய நிறுத்திக்கட்டுமாபா?" என்று கேட்டார்.