பச்சைக் குளத்தின் காலையும் மத்தியானமும்

சுற்றுச்சூழல் அறிவியலும் மேலாண்மையும் என்ற நீளமான பெயருள்ள முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். வகுப்பில் மற்ற எல்லோரும் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். ஆய்வகத்தில் எனக்கு ஜோடியாகக் கிடைத்தவள் களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். தண்ணீரை வெள்ளம் என்பாள். என்னை முதல் நாளே "எக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

எங்களுக்குக் கொடுத்த வேலை, தக்கலைப் பக்கம் என் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு குளம். அதில் மீன்கள் செத்து மிதந்துகொண்டிருந்தன. மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தவர், மேட்டில் ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆசிட் கலந்த கழிவை ராத்திரியில் திறந்து விடுகிறார் என்று சண்டைக்குப் போயிருந்தார். இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

மீன் மூச்சுவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைந்திருக்க வேண்டும். அதைத்தான் முதலில் அளந்தோம். நான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன், விடிந்ததும் விடியாததுமாகப் போய்த் தண்ணீர் எடுத்தேன். அவள் மத்தியானம் வந்து எடுத்தாள். என் கணக்குப்படி அந்தக் குளத்தில் ஒரு மீன்கூட உயிரோடு இருக்க முடியாது. அவள் கணக்குப்படி அதைவிட நல்ல குளம் மாவட்டத்திலேயே கிடையாது.

"எக்கா, நீங்க குப்பியை சரியா கழுவினியளா?"

"நீ குப்பிக்குள்ள காத்து போகாம மூடினியா?"

பேராசிரியை இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். யார் சொல்வது சரி என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தோம். "ரெண்டு பேரும் ஒருநாள் முழுக்க அங்கேயே இருந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

முந்தின நாளே அவள் என் வீட்டில் வந்து தங்கினாள். பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, கிழக்கு வெளுக்கும் முன்பே குளத்துப் படியில் இறங்கினோம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குளம் முழுக்கச் சின்னச் சின்ன உதடுகள். நான் அத்தனை காலையில் வந்தும் ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை, குப்பியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தண்ணீர் எடுத்து, ஆக்ஸிஜனைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு மருந்துகளைக் குப்பியில் ஊற்றினோம். ஆக்ஸிஜன் இருந்தால் குப்பிக்குள் காப்பிநிறத்தில் படியும். இல்லையென்றால் வெள்ளையாக நிற்கும். வெள்ளையாக நின்றது. அவள் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும் எக்கா" என்றாள்.

வெயில் ஏற ஏறக் குப்பிகளின் நிறம் மாறியது. முதலில் லேசான மஞ்சள், பிறகு பால் விடாத கட்டன்சாயா, உச்சிவேளையில் கடுங்காப்பி. இப்போது மன்னிப்புக் கேட்பது என் முறை. படியில் குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டு, ஒரே குளம் காலையில் ஒன்றாகவும் மத்தியானத்தில் வேறாகவும் இருக்கும் அதிசயத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குளத்தைப் பச்சையாக்கியிருந்த பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்ஸிஜனை விடுகிறது. இரவில் அதுவும் மூச்சு வாங்கி அதையே தீர்த்துவிடுகிறது. பரீட்சைக்கு எழுதிய பாடம்தான். கண்ணால் பார்த்தபோது அது வேறு செய்தியாக இருந்தது.

குத்தகைக்காரர் வந்தார். "என்ன மக்கா, ஆசிட்டுதானே?"

ஆசிட் இருக்கிறதா என்று காட்டும் மீட்டரை அவர் முன்னாலேயே தண்ணீரில் முக்கினேன். அமிலம் இல்லை. தண்ணீர் அதற்கு எதிர்ப்பக்கமாக, காரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. பாசியைப் பற்றிச் சொன்னேன்.

"பாசி நல்லதாக்கும். மீனுக்குத் தீனி. அதுக்குத்தானே நான் சாணி கொண்டு தட்டுதேன்."

"எவ்வளவு தட்டுதிய மாமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். அதற்குள் ரப்பர் ஷீட்காரரும் கரைக்கு வந்துவிட்டார். கேட்காமலேயே ஒரு குப்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்பம் எனக்க ஆசிட்டு இல்ல, கேட்டியா?" என்று எங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சாணி மட்டும் இல்ல," என்றேன். வாழைத்தோட்டத்து உரம், எங்கள் தெருச் சாக்கடை, எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்து பாசியைப் பெருக்குகிறது.

குத்தகைக்காரர் படியில் உட்கார்ந்தார். "பின்னே நான் ஆருகிட்ட சண்டைக்குப் போவேன்?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. படிப்பின் பெயரில் மேலாண்மை என்று ஒரு சொல் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அந்தப் படியில்தான் கொஞ்சம் விளங்கியது.

சாணி போடுவதை அவர் நிறுத்தினார். விடியற்காலையில் மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரைக் குளத்திலேயே பீய்ச்சி அடித்தால் காற்று கலக்கும் என்று பேராசிரியை சொல்லி அனுப்பினார். மோட்டார் ரப்பர் ஷீட்காரர் வீட்டில்தான் இருந்தது. யார் போய்க் கேட்டார்களோ தெரியாது. ஒரு காலையில் அது குளக்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா மீனும் பிழைக்கவில்லை. பாதிக்குமேல் பிழைத்தது என்று குத்தகைக்காரர் சொன்னார். தெருச் சாக்கடை இன்றும் அங்கேதான் விழுகிறது.

குளத்தைப் பற்றிய திட்ட அறிக்கையைக் கல்லூரியில் எழுதிக் கொடுத்த வாரத்தில் நானும் அவளும் நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். சாலையோரம் ஒரு குளம் வந்தது. எங்கள் குளத்தைவிடப் பச்சை. கொக்குகள் நின்றன. செத்த மீன் ஒன்றுகூட இல்லை.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "எக்கா, இங்கன மட்டும் ஏன் சாகல?"

"தெரியலியே ஏட்டி."

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, அந்தக் குளத்துக்குத் திரும்பி நடந்தோம்.