ஏழாவது இடத்தில் பாதி டீ

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஹைதராபாத்தில் பச்சை அட்டை போட்ட ஒரு சிறு வழிகாட்டி உங்கள் கைக்கு வந்திருந்தால், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். அதை எழுதியவன் நான்தான். தேதி, மணி எல்லாம் என் நோட்டில் இருந்தபடியே தருகிறேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். பத்து வருடமாகக் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஊரிலிருந்து வரும் தமிழர்களுக்காக, இரவில் எங்கே சாப்பிடலாம், எங்கே சுற்றலாம் என்று நண்பர்கள் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டோம். எழுத்து நான். படம் உமேஷ். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது. நள்ளிரவு பிரியாணி, மொட்டைமாடி ஓட்டல், பழைய பங்களாவைப் பளபளப்பாக்கிய பார் என்று ஆறு இடங்களை முடித்திருந்தோம். நேரில் போகாத இடத்தை நான் எழுதுவதில்லை.

ஏழாவது இடம், திருமுல்கேரியில் ஒரு சந்துக்குள் இருந்த பழைய டீக்கடை. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட புது பார்கள். நடுவில் இது மட்டும் மர நாற்காலிகளோடு அப்படியே இருந்தது.

ஜூன் 14, சனிக்கிழமை. இரவு 11.40.

உள்ளே கால் வைத்தோம். பக்கத்து பாரின் பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. கதவு என்னவோ திறந்துதான் இருந்தது.

"நல்லதுதான் அண்ணா. அந்தப் பாட்டுக்கு இது தேவலை" என்றான் உமேஷ்.

வேறு ஆள் யாரும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட வயதான சர்வர் ஒருவர் வந்தார். "ஒன் பை டூ" என்றேன். ஒரே டீயை இரண்டு கப்பில் பாதி பாதியாக ஊற்றித் தருவார்கள். இங்கே அது சகஜம்.

ஒரு கப்தான் வந்தது. பாதி டீ. அதை என் முன்னால் வைத்தார்.

"இன்னொரு கப்?"

அவர் உமேஷையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சாப் கா... பர்சோ."

"கைக்கு சாச்சா?" என்று, ஏன் பெரியவரே எனும் அர்த்தத்தில், ஊர் இந்தியில் கேட்டு உமேஷ் சிரித்தான். அவர் உள்ளே போய்விட்டார்.

"என்னடா சொல்றார்?"

"சாப் கான்னா சாரோடது. பர்சோன்னா முந்தாநாள் அண்ணா. என் பங்கை முந்தாநாளே குடிச்சிட்டேனாம்! இந்த ஊர் ஆளுங்களுக்கு மூணு வருஷம் முன்னாடி நடந்ததும் பர்சோதான். வேற யாரோன்னு நினைச்சிட்டார். எனக்கு நக்கோ, நீங்க குடிங்க."

குடித்தேன். நாக்கு சுட்டது. ஆனால் கப்பிலிருந்து ஆவி வரவில்லை.

உமேஷ் படம் எடுத்தான். கிளம்பும்போது என் வாட்சில் 12.10. சுவர்க் கடிகாரத்தில் அப்போதும் 11.40. வாசலைத் தாண்டியதும் பாட்டு காதில் வந்து அறைந்தது.

ஞாயிறன்று எழுத்துப் பக்கங்களை அச்சுக்குக் கொடுத்தேன். 'மறக்காமல் ஒன் பை டூ கேளுங்கள்' என்றும் எழுதியிருந்தேன்.

திங்கள் இரவு 9.15. உமேஷ் போன் செய்தான்.

"அண்ணா, டீக்கடை படம் மட்டும் ஒரே கறுப்பு. மறுபடி எடுத்துட்டு வந்துடறேன்."

"நானும் வரட்டுமா?"

"நக்கோ அண்ணா. மழை வேற. தூங்குங்க."

தூங்கினேன்.

செவ்வாய் காலை 6.20. போனில் அவன் மனைவி ஹம்சா.

"அண்ணா... இவர் உங்க வீட்ல இருக்காரா? ராத்திரி வரவே இல்ல..."

7.50. கடை வாசலில் அவனுடைய பைக் நின்றது. ஷட்டர் முழுக்கத் துரு. வெளியே பூட்டு. கடை மூடி மூன்று வருடம் ஆகிறது என்றார் பார் காவலாளி.

போலீஸ் வந்து பூட்டை உடைத்தார்கள்.

மேஜை இல்லை. நாற்காலி இல்லை.

சுவரில் சாய்ந்தபடி உமேஷ்... உடம்பு சில்லிட்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அவன் காலடியில் ஒரு கப். உள்ளே பாதி உயரத்துக்கு ஈரமான டீக்கறை.

பதினாறாம் நாள், சனிக்கிழமை நடந்ததை ஹம்சாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அண்ணா, இந்தியில பர்சோன்னா முந்தாநாள் மட்டும் இல்ல. நாளை மறுநாளும் பர்சோதான்."

சனி. ஞாயிறு. திங்கள்.

உமேஷுக்கும் இது தெரியும். அவனுக்குத் தோன்றவில்லை.

துக்கத்தில் அச்சை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தேன். அச்சகத்துக்கு ஓடினேன். ஆயிரம் பிரதிகள். மீதமிருந்த எல்லாவற்றிலும் ஏழாவது இடத்தைக் கறுப்பு மையால் அடித்தேன். 188 பிரதிகள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. யார் கையில் என்று தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், குறை இருந்தால் கடிதம் எழுதுங்கள் என்று என் விலாசம் இருக்கிறது.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. திண்டுக்கல் ஜெயராம் என்பவர், செகந்திராபாத் லாட்ஜ் ஒன்றிலிருந்து எழுதியிருந்தார்.

'நேற்று இரவு நானும் மனைவியும் உங்கள் ஏழாவது இடத்துக்குப் போனோம். டீ பிரமாதம். ஒரே ஒரு குறை. ஒன் பை டூ கேட்டும் அவளுக்குக் கப் வைக்கவில்லை. பர்சோ என்று ஏதோ சொன்னார். எங்களுக்கு இந்தி தெரியாது. அப்படியென்றால் என்ன சார்?'

கடிதத்தில் போன் நம்பர் இல்லை. லாட்ஜுக்கு ஓடலாம் என்று செருப்பை மாட்டினேன்.

அப்போதுதான் கடிதத்தின் மேல் மூலையைப் பார்த்தேன்.

ஜூலை 10.

என் கைக்கு அது வந்தது ஜூலை 15.